எல்லாருக்கும் சொல்லி வைத்தாயிற்று

ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் கொட்டேஷன் சார்தான். பொருள் வாங்கும் பிரிவுக்கு அவர் தலைமை. பஞ்சு வாங்குவதானாலும் சரி, படுக்கை விரிப்பு வாங்குவதானாலும் சரி, மூன்று கடையில் விலை கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். விலை மட்டும் பார்க்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு எவ்வளவு சீக்கிரம் முழுகுகிறது என்று பார்ப்பார். கையுறையை ஊதிக் காதோரம் வைத்துக் கேட்பார். விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எதிர்க் கட்டடம் அதன் வழியே தெரிந்தால் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் அவருக்குப் பக்கத்து மேஜை. பில் பார்ப்பது என் வேலை என்பதால் என்னை 'பில்லிங்' என்றுதான் அழைப்பார். என் கல்யாணத்துக்கு வந்தவர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பில்லிங்கை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வீட்டுக்காரர் இன்னும் கோபம் வந்தால் அந்தப் பெயரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்.

சாருக்கு ஒரு பெருமை உண்டு. கொடுத்த ஆர்டரை அவர் ஒருநாளும் ரத்து செய்ததில்லை. புது வார்டு கட்டி முடிக்கும் முன்பே அதற்கான நாற்காலிகள் வந்து இறங்கிய வருஷம், அவற்றை எங்கள் அறையிலும் நடையிலும் மாடிப்படி வளைவிலும் அடுக்கிவைத்தார். கொஞ்ச நாள் கழித்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று மேனேஜர் கேட்டார். "சொன்ன சொல்லை மாத்தினா நாளைக்கு எவன் சார் நம்ம போனை எடுப்பான்?" என்றார் இவர். மழைக்காலம் முழுக்க நாங்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடந்தோம்.

அவருக்கு ஒரே மகள். கால்நடை டாக்டர். நாய், பூனை பார்க்கும் சின்ன கிளினிக் ஒன்றில் வேலை. கையில் எப்போதும் ஏதாவது ஒரு கீறல் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அப்பாவின் டப்பாவிலிருந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதிக்கு என் டப்பாவைத் திறப்பாள். கலகலவென்று பேசுகிற பெண். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்கள். அம்மாவிடம் அவளுக்கு அன்பு உண்டு, பேச்சு கொஞ்சம் குறைவு. அந்த அம்மாள் சட்டென்று கலங்கிவிடுகிற சுபாவம். அதனால் வீட்டில் எந்த விஷயமானாலும் மகளிடமிருந்து முதலில் அப்பாவுக்குப் போய், அங்கே பதம் பார்க்கப்பட்டு, அப்புறம்தான் அம்மாவுக்குப் போகும்.

வரன் அந்த அம்மாளின் அண்ணன் மூலமாக வந்தது. மாப்பிள்ளை கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில் நல்ல பதவியில் இருந்தார். கசங்காத சட்டை, அளந்த பேச்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மகளும் இரண்டு மூன்று தடவை வெளியே சந்தித்துப் பேசிவிட்டு, சரி என்றாள். பெரிய உற்சாகமெல்லாம் இல்லை. ஆனால் சரி என்றாள்.

அன்று தொடங்கியது சாரின் திருவிழா. துணிமணியும் பத்திரிகையும் மனைவியின் இலாகா, மண்டபம், சாப்பாடு, பூ, படம், விளக்கு எல்லாம் தன் இலாகா என்று பிரித்துக்கொண்டார். முப்பது வருஷம் அடுத்தவர் காசில் பஞ்சும் ஊசியும் வாங்கிய மனுஷன், முதல் தடவையாகத் தன் சொந்த ஆசைக்கு வாங்கப்போகிறார். மதிய இடைவேளையில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு என்று அலைந்தார். திரும்பி வந்து எங்களிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

முதல் மண்டபத்தில் கழிப்பறைகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் இழுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். கடைசி அறையில் தண்ணீர் வரவில்லை. அந்த மண்டபம் அதோடு தள்ளுபடி. இரண்டாவதில் மாடிப்படி செங்குத்து. முட்டி வலிக்காரர்கள் ஏற மாட்டார்கள். மூன்றாவது பிடித்திருந்தது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நேரத்தில் எழுந்திருக்கும் என்று பார்க்க, அங்கிருந்த மேலாளரையே மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாராம். மேலாளர் நல்ல மனிதர், அணைத்தார். பிறகு ஒலிபெருக்கியைச் சோதிக்க மகளை மேடை ஏற்றினார்கள். சார் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு, ஏதாவது பேசு என்று கையைக் காட்டினார். காலி நாற்காலிகளுக்கு எதிரே அவள் மைக்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"கேக்குதாப்பா?" என்றாள்.

நன்றாகக் கேட்கிறது என்று அவர் அங்கிருந்தே இரண்டு கையையும் ஆட்டினார். அவ்வளவுதான் அவள் பேசினது.

சமையலுக்கு ஆள் தேடிய கதை இன்னும் வேடிக்கை. ருசி பார்க்கக் கூப்பிடும்போது எல்லாரும் நன்றாகத்தான் சமைப்பார்கள், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும் என்பது அவர் கட்சி. எந்தச் சமையல்காரர் எங்கே சமைக்கிறார் என்று விசாரித்து, முன்பின் தெரியாதவர்களின் கல்யாணங்களுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய்க் கடைசியில் உட்கார்ந்தார். ஓர் இடத்தில் ஒரு பெரியவர் இவரைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இவரும் தேவலை என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்று வந்தார். இப்படி ஊரார் கல்யாணத்தில் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொஞ்சம் தொந்தியே வைத்துவிட்டது. கடைசியில் தேர்ந்தெடுத்தவர் ஒரு கறாரான சமையல்காரர். பந்தி முடியும்வரை அடுப்பை அணைக்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

இந்த அலைச்சலில் பெரும்பாலானவற்றுக்கு மகளையும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அவளும் வந்தாள். எதைக் கேட்டாலும், உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிப்பா என்றாள். இப்படிக் குறையே சொல்லாத பெண் யாருக்குக் கிடைக்கும் என்று எங்களிடம் பூரித்துப்போனார்.

போட்டோக்காரரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், டப்பாவைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். ஆல்பங்களையெல்லாம் பார்த்து முடித்து, தேதியும் சொல்லி, எழுந்திருக்கப்போகும் நேரத்தில் அவள் போட்டோக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாளாம். "ஏதாவது காரணத்தால கல்யாணம் நின்னுபோச்சுன்னா, எதுவரைக்கும் வந்து வேணாம்னு சொல்லலாம்?" போட்டோக்காரர் திடுக்கிட்டு, நல்ல காரியம் பேசும்போது அப்படிச் சொல்லலாமா என்று சிரித்து மழுப்பினாராம்.

"பில்லிங், பாத்தீங்களா? என் ரத்தம். எனக்குக்கூட அந்தக் கேள்வி தோணல" என்றார் சார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவளை எங்கள் பிரிவிலேயே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள்.

கடைசியாக மிச்சமிருந்தது பூ. மேடை அலங்காரம் செய்யும் ஓர் அம்மாள் நகரத்தின் மறு கோடியில் குளிர் அறையோடு பெரிய கடை வைத்திருந்தார். மகளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அந்த அம்மாள் கேட்டார். எதுவாக இருந்தாலும் சரி என்றாள். வெள்ளையும் இளமஞ்சளும் என்று அப்பா முடிவு செய்தார். குளிர் அறைக்குள்ளே வாளி வாளியாகப் பூ. அவர் ஒவ்வொரு தண்டையும் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் குளிர்கிறது என்று சொல்லி வெளியே போய் நின்றாள்.

திரும்பும் வழியில் நடந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். முன்னால் ஒரு லாரி. தலையில் ஹெல்மெட். "என்னம்மா?" என்றார். பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்று வண்டியை அணைத்ததும், அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு தோணுது" என்றாள்.

அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி, ஏன், மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். ஒவ்வொரு தடவை சந்திக்கும்போதும், கையைக் கழுவிவிட்டு வந்தாயா என்று கேட்பாராம். முதல் தடவை விளையாட்டுக்கு என்று நினைத்தாளாம். கிளினிக்கில் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாராம். தினமும் போன் பேசுகிறார், ஆனால் இதுவரை தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை என்றாள்.

"அவர்கூடப் பேசிட்டு வந்தா, நான் பேசினதெல்லாம் தப்போன்னு தோணுதுப்பா. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. மாமா பாத்த இடம், அவங்களுக்குள்ள சண்டை ஆயிடும். அதான் உங்ககிட்ட சொல்றேன்."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவளும் பக்கத்திலேயே நடந்தாள். அந்த நேரத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்று அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். மகள் முகம் ஓடவில்லையாம். மண்டப மேலாளரின் முகம் ஓடியது. நமக்காகவே மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டின மனிதர். சமையல்காரர், போட்டோக்காரர், இப்போதுதான் கைகூப்பி அனுப்பிவைத்த பூக்கடை அம்மாள், ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.

"கடைசி நேரத்துல எல்லாருக்கும் மனசு இப்படித்தாம்மா தடுமாறும்" என்று ஆரம்பித்தார். "உங்கம்மாவே கல்யாணத்துக்கு முந்தின வாரம் அழுதாளாம். பழகப் பழகச் சரியாயிடும். அதுவுமில்லாம, எல்லாருக்கும் சொல்லி வெச்சாச்சு. அந்த நாளை அவங்க நமக்காக ஒதுக்கி வெச்சிருக்காங்க. இப்பப் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிப்பா, பெட்ரோல் போட்டுட்டு வாங்க" என்று சொல்லி, காற்று பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அதோடு விட்டுவிட்டார் என்று சொல்வதும் நியாயமில்லை. இரண்டு நாள் அவருக்கு மனம் சரியில்லை. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மண்டப மேலாளரைப் பார்க்கப் போனார். என்ன கேட்பதற்காகப் போனோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கலாம் என்று ஒரு யோசனை. உட்கார்ந்ததுமே மேலாளர், சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று பேச்சை ஆரம்பித்தார். இவர்களுடைய தேதியை இரண்டு குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். விட்டுக்கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள், என்ன செலவானாலும் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் நடையாய் நடக்கிறாராம். சார் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்று தான் அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

கதவு அப்போது விரியத் திறந்திருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த மேலாளர் தன்னைப் பற்றிச் சொன்ன வாக்கியம் அவருக்குக் காதில் தேனாக விழுந்தது.

"விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"அந்த வார்த்தைக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது, பில்லிங். பங்க்ல சொன்னதுகூடப் பதட்டத்துல சொன்னேன்னு வெச்சுக்கலாம். இது நிதானமாச் சொன்னது" என்றார் என்னிடம்.

கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். அப்படி ஒரு கல்யாணத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த எனக்கும் சோற்றில் ஆவி பறந்தது. பூ ஒரு இதழ் வாடவில்லை. நடுவில் மின்சாரம் போய் வந்தது பலருக்குத் தெரியவே இல்லை. மகள் மேடையில் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். என்னைப் பார்த்ததும் என் கையை இறுக்கிப் பிடித்து, டப்பாவில் இன்றைக்கு என்ன கொண்டுவந்தீர்கள் அத்தை என்று கேட்டாள். சார் வாசலுக்கும் சமையல் கூடத்துக்கும் மேடைக்கும் பறந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தேடிவந்து பாராட்டினார்கள்.

அதன் பிறகு ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான். எந்த மண்டபம், எந்தச் சமையல்காரர், பூவுக்கு யாரிடம் போவது என்று வரிசையாகக் கேட்பார்கள். அவரும் அலுக்காமல் சொல்வார்.

மகள் நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். கொடுமை என்று எதையும் சொல்ல முடியாது. கை நீட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. கிளினிக்கிலிருந்து வந்ததும் துணியை வெளியே மாற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பதில் ஆரம்பித்தது. அப்புறம் கிளினிக்குக்குப் போக வேண்டுமா என்பதில் வந்து நின்றது. எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில், ஒன்றுமில்லை என்று நிறுத்திவிடுவாள். கையில் கீறலே இல்லாமல் ஆகிவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று உறைத்தது. ஒருநாள் ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. விவாகரத்து சண்டையில்லாமலே முடிந்தது. தணிக்கைக்காரர் ஆயிற்றே, எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காகத் தயார்செய்துகொண்டுதான் வந்தார்.

அவள் பெட்டியோடு வந்த அந்த வாரம் ஒரு மத்தியானம், மூன்று பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு ஆற்றாமை தாளவில்லை. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது, அவ்வளவு பெரிய கல்யாணத்தை ஊரே பேசியதே என்று புலம்பிக்கொண்டிருந்தவர், மகள் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி? கட்டிவெச்சாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு இருந்தா, யாருக்குத்தான் தெரியும்?"

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று சார் என்னிடம் சொன்னார். அவள் குனிந்து தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருடைய வாயும் திறக்கவில்லை. தினசரியை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் அந்தக் கேள்வி அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. விருந்தாளி வந்தால் வரும். உறவில் யாருக்காவது கல்யாணம் என்றால் வரும். இவள் முன்னாடியே சொல்லியிருந்தால் என்று அம்மா ஆரம்பிப்பார். மகள் பேசாமல் எழுந்து போவாள். கொஞ்ச நாளில் வேறு ஊரில் ஒரு விலங்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து, அங்கேயே போய்த் தங்கிவிட்டாள். அம்மாவோடு போனில் பேசுவது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

சார் ஒரு தடவை பரிகாரம் மாதிரி ஏதோ செய்யப் பார்த்தார். அது விபரீதமாக முடிந்தது. எங்கள் மருந்தக மேற்பார்வையாளர், தன் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க இவரை வழக்கம்போலக் கூட்டிப்போனார். மண்டபத்தில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, "உனக்கு இதுல முழுச் சம்மதந்தானாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் வெட்கத்தோடு தலையாட்டியது. பூக்கடையில் மறுபடி கேட்டார். அது சிரித்தது. போட்டோக்காரரிடம் போனபோது மூன்றாம் தடவையாகக் கேட்டதும், அது அப்பாவிடம் போய் அழுதுவிட்டது. மேற்பார்வையாளர் அவரை வெளியே அழைத்துவந்து, உங்கள் வீட்டில் நடந்ததை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறது. சாரை அதற்குப் பிறகு யாரும் மண்டபம் பார்க்கக் கூப்பிடவில்லை. அவரும் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து அவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் காபி கொண்டுவந்து வைத்தேன். ஆறுதல் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஒன்று மட்டும் கேட்டேன். இது உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்று தலையாட்டினார். மகள் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை என்றார். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அந்த வாரமே வீட்டில் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்கில் அவள் சொன்னது, தான் சொன்னது, மண்டபத்துக்குப் போய்த் திரும்பி வந்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். அழுவார் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. கையிலிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் அவளைத் திட்டிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க."

மறுநாள் காலையில் அந்த அம்மாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறி மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அதுவரை தனியாக எங்கும் போகாதவர். கொண்டுவிடட்டுமா என்று இவர் கேட்டதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அம்மா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஏம்ப்பா இப்பப் போய்ச் சொன்னீங்க?"

சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்ட ஒன்று வாய்க்கு வந்துவிட்டது. "அன்னைக்கு நீ சொன்னது எனக்குச் சரியா புரியலம்மா. லாரிச் சத்தம், ஹெல்மெட் வேற..."

"லாரிச் சத்தத்துல கேக்கலைன்னுதாம்ப்பா வண்டிய நிறுத்தினதும் மறுபடி சொன்னேன்" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "உங்களுக்குப் புரிஞ்சுது. உங்க முகத்தைப் பாத்தேன்ல."

"ஆமா" என்றார் அவர். "புரிஞ்சுது."

மறுமுனையில் ஒரு நாய் குரைப்பதும், அதை அம்மா அதட்டுவதும் கேட்டது. அம்மாவுக்கு நாயைக் கண்டாலே ஆகாது, இருந்தாலும் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று மகள் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி என்றார் இவர்.

கொஞ்ச நாள் என்பது ஒரு மாதமாக நீண்டது. சார் தானே சோறு வடித்துக்கொண்டார். முதல் இரண்டு நாள் அடிப்பிடித்தது. தினமும் ஒரு தடவை மகள் கூப்பிடுவாள். முன்பெல்லாம் மணிக்கணக்கில் அவரோடு அரட்டை அடிப்பவள், இப்போது சுருக்கமாகப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். பின்னணியில் அம்மாவின் சிரிப்பு கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரும். கேட்காமல் இருந்துவிடுவார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நான் அதில் இல்லை என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

அந்த அம்மாள் திரும்பி வந்த அன்று அவர் பஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருந்தார். இறங்கினவர் கையிலிருந்த பையை இவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தார். அந்த அம்மாளின் புறங்கையில் நீளமாக ஒரு புதுக் கீறல் இருந்தது. என்ன ஆயிற்று என்று இவர் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நின்று சார் சாவியைத் தேடும்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். மகள் இடம் மாறப்போகிறாள், தோட்டம் உள்ள வீடாகப் பார்த்திருக்கிறாள், அடுத்த தடவை நீங்களும் வரலாம் என்று சொன்னாள் என்றார்.

"அவளேவா சொன்னா?" என்று கேட்டார் சார்.

"கதவைத் தொறங்க, கால் வலிக்குது" என்றார் அந்த அம்மாள்.